நம்மியந்தல் கல்லும் விண்கல் சேகரிப்பின் கதையும்

1886 ஜனவரி 27. அன்று தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்த நம்மியந்தல் என்ற கிராமத்தில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. எடை சுமார் நாலரை கிலோ. உலக விண்கல் பட்டியல்களில் இன்றும் அந்தக் கல்லுக்கு "நம்மியந்தல்" என்றுதான் பெயர். விண்கல் எந்த ஊரில் விழுகிறதோ அந்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பது உலக வழக்கம்.

இந்த நம்மியந்தல் எங்கோ தூரத்தில் இல்லை. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ள வேங்கிக்காலிலிருந்து கிழக்கே சைக்கிளில் போய் வரக்கூடிய தூரம். ஆனால் கிரிவலம் வரும் லட்சக்கணக்கானவர்களை விடுங்கள், உள்ளூரில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்? லண்டனிலோ வியன்னாவிலோ விண்கல் சேகரிக்கும் ஒருவருக்கு நம்மியந்தல் என்ற பெயர் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்!

வானத்திலிருந்து விழும் கற்களைத் தேடிச் சேர்ப்பது உலகம் முழுவதும் பலருக்குப் பொழுதுபோக்கு. தபால் தலை, பழைய நாணயம் சேர்ப்பது போலத்தான் இதுவும். இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கும் இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப் போகிறது.

முதலில் பெயர்க் குழப்பம்

வானில் கோடு கிழித்தது போல ஓடி மறையும் ஒளிக்கு எரிமீன் அல்லது எரிநட்சத்திரம் என்று பெயர். அதில் பெரும்பாலானவை மணல் அளவுத் துகள்கள். காற்றுடன் மோதி உயரத்திலேயே எரிந்து போய்விடும். அப்படி எரிந்து தீராமல் தரையை வந்து தொடும் மிச்சம்தான் விண்கல். சிலர் எரிகல் என்றும் சொல்வார்கள். விண்கற்களை மூன்று பெரிய பிரிவாகப் பிரிப்பார்கள்: கல் வகை, இரும்பு வகை, இரண்டும் கலந்த வகை. விழுவதைக் கண்ணால் பார்த்து எடுப்பவற்றில் பெரும்பாலானவை கல் வகைதான்.

தமிழர்களுக்கு எரிமீன் புதிது இல்லை. புறநானூற்றின் 229-ஆம் பாட்டில் கூடலூர் கிழார், பங்குனி மாதத்து இரவில் ஒரு விண்மீன் எரிந்து விழுந்ததையும், அதன் ஏழாம் நாளில் சேர மன்னன் இறந்ததையும் சொல்கிறார். அந்த நேரத்தில் எந்தெந்த விண்மீன் எங்கே இருந்தது என்றெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். கெட்ட சகுனம் என்று நினைத்துத்தான் பார்த்தார்கள். ஆனாலும் கவனமாகப் பார்த்தார்கள்.

ஜஹாங்கீரின் வாள்

இந்தியாவில் ஒரு விண்கல்லைத் தேடி எடுத்து, எடை போட்டு, எழுதியும் வைத்தவர்களில் முக்கியமானவர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். 1621 ஏப்ரலில் பஞ்சாபின் ஜலந்தர் பகுதியில் பெரும் சத்தத்துடன் ஒளி ஒன்று விழுந்தது. அந்தப் பகுதியின் அதிகாரி நேரில் போய், கருகிக் கிடந்த நிலத்தைத் தோண்டச் சொன்னார். தோண்டத் தோண்டச் சூடு கூடிக்கொண்டே போனதாம். கடைசியில் ஓர் இரும்புக் கட்டி கிடைத்தது. அரசவைக்கு வந்தபோது எடை 160 தோலா, அதாவது சுமார் 2 கிலோ.

ஜஹாங்கீர் உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரை அழைத்து அதில் ஆயுதம் செய்யச் சொன்னார். அந்த இரும்பு தனியாகச் சம்மட்டி அடிக்குத் தாங்காமல் சிதறியது. மூன்று பங்கு வானத்து இரும்புக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்த்து இரண்டு வாள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி செய்தார்கள். இத்தனையும் பேரரசரின் நினைவுக் குறிப்பிலேயே இருக்கிறது. அவற்றில் ஒன்றாகக் கருதப்படும் கத்தி இன்று அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கல் கிடைத்தது, எழுதி வைத்தார்கள், ஆனால் கல்லை உருக்கிவிட்டார்கள். சேகரிப்பு என்பது வேறு, பாதுகாப்பு என்பது வேறு.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1492 நவம்பர் 7 அன்று இன்றைய பிரான்சில் உள்ள என்சிஷைம் ஊரில் 127 கிலோ எடையுள்ள கல் விழுந்தது. ஊர் மக்கள் ஆளுக்கொரு துண்டு உடைத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். பிறகு அதைத் தேவாலயத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அப்படியும் நூற்றாண்டுகள் போகப் போகத் துண்டு துண்டாகக் குறைந்து, இன்று மிஞ்சியிருப்பது பாதிக்கும் குறைவு.

காசிக்கு அருகே விழுந்த கல் செய்த வேலை

18-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஐரோப்பிய அறிஞர்கள் வானத்திலிருந்து கல் விழும் என்பதை நம்பவில்லை. மின்னல் தாக்கிய கல், எரிமலை வீசிய கல், பாமரர்களின் கற்பனை என்று ஒதுக்கினார்கள். 1794-ல் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர், இவை பூமிக்கு வெளியே இருந்து வருகின்றன என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். பலரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நிறுத்தியதில் ஓர் இந்தியக் கல்லுக்குப் பங்கு உண்டு. 1798 டிசம்பரில் காசிக்கு அருகே கிராகூத் என்ற கிராமத்தில், மேகமே இல்லாத வானத்தில் தீப்பந்து தோன்றி, இடிச் சத்தத்துடன் கற்கள் விழுந்தன. அப்போது காசியில் இருந்த ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர், பார்த்தவர்களின் வாக்குமூலங்களைச் சேகரித்து, கற்களுடன் லண்டனுக்கு அனுப்பினார்.

லண்டனில் எட்வர்ட் ஹோவர்ட் என்ற வேதியியலாளர் அந்தக் கல்லையும், இத்தாலியின் சியனாவில் 1794-ல் விழுந்த கல்லையும், இங்கிலாந்தின் வோல்ட் காட்டேஜில் 1795-ல் விழுந்த கல்லையும் இன்னும் சிலவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் விழுந்த கற்கள். ஆனால் உள்ளே இருந்த பொருள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. எல்லாவற்றிலும் இரும்போடு நிக்கல் கலந்திருந்தது. அந்தந்த ஊர்ப் பாறைகளோடு எதுவும் ஒத்துப்போகவில்லை. 1802-ல் இந்த முடிவை வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1803 ஏப்ரல் 26 அன்று, பிரான்சின் லெய்கிள் ஊரில் ஆயிரக்கணக்கில் கற்கள் மழையாக விழ, ழான் பாப்டிஸ்ட் பியோ என்ற விஞ்ஞானி ஊர் ஊராகப் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அதோடு வாதம் முடிந்தது.

யாரோ சிலர் அந்தக் கற்களை எடுத்து, எங்கே எப்போது விழுந்தது என்ற குறிப்போடு பத்திரமாக வைத்திருந்ததால்தான் ஹோவர்ட் அவற்றை ஒப்பிட முடிந்தது. சேகரிப்பு முதலில், அறிவியல் அதற்குப் பிறகு!

பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளையும் கல்கத்தாவும்

அதன் பிறகு ஐரோப்பாவில் விண்கல் சேர்ப்பது கனவான்களின் பொழுதுபோக்கு ஆனது. வோல்ட் காட்டேஜ் கல்லை ஜேம்ஸ் சவர்பி என்ற ஓவியர் வாங்கித் தன் சொந்தக் காட்சிக்கூடத்தில் வைத்திருந்தார். அவரே தென்னாப்பிரிக்காவின் ஒரு விண்கல் இரும்பில் வாள் செய்வித்து, 1814-ல் ரஷ்யப் பேரரசர் அலெக்சாண்டருக்குப் பரிசளித்தார். ஜஹாங்கீரின் ஆசை இரண்டு நூற்றாண்டு கழித்தும் தீரவில்லை போலிருக்கிறது.

இந்தக் கனவான்களில் இந்தியாவோடு தொடர்புள்ளவர் ராபர்ட் பிலிப்ஸ் கிரெக். மான்செஸ்டர் பக்கத்துப் பெரிய பஞ்சாலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கனிமங்களும் விண்கற்களும் சேகரிப்பது அவருடைய பொழுதுபோக்கு. எரிமீன்களின் பட்டியல்களையும் தயாரித்தார். அவருடைய விண்கல் சேகரிப்பு 1860-களில் விலைக்கு வந்தபோது வாங்கியது யார் தெரியுமா? கல்கத்தாவில் இருந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, சுருக்கமாக ஜி.எஸ்.ஐ.

1851-ல் தொடங்கிய ஜி.எஸ்.ஐ.யின் முதல் தலைவர் தாமஸ் ஓல்ட்ஹாம். நிலக்கரி தேடத்தான் அந்தத் துறை தொடங்கப்பட்டது. ஆனால் ஓல்ட்ஹாம் விண்கற்களிலும் அக்கறை காட்டினார். வங்காள ஆசியக் கழகம் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த கற்கள், கிரெக்கின் கற்கள், மாவட்ட அதிகாரிகள் அனுப்பிய கற்கள் எல்லாம் கல்கத்தாவில் ஒன்று சேர்ந்தன. ஆசியாவின் முக்கியமான விண்கல் சேகரிப்பு இப்படித்தான் உருவானது. 1916-ல் ஜே.காகின் பிரவுன் என்பவர் அதற்கு ஒரு முழுப் பட்டியல் தயாரித்து வெளியிட்டார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குப் போகும் தமிழ்நாட்டு மாணவர்கள் மம்மியைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல், விண்கற்களையும் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஓல்ட்ஹாம் பெயரில் ஒரு கனிமமே இருக்கிறது. 1852 டிசம்பர் 2 அன்று உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில் விழுந்த விண்கல்லில், பூமியில் இயற்கையாகக் காண்பதற்கு மிக அரிதான கால்சியம் சல்பைடு கனிமம் இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நெவில் ஸ்டோரி மாஸ்கலின் அதைக் கண்டுபிடித்து "ஓல்ட்ஹாமைட்" என்று பெயரிட்டார்.

அடுத்து 1865 ஆகஸ்ட் 25. பீகாரில் கயாவுக்கு அருகே ஷெர்காட்டியில் சுமார் 5 கிலோ எடையுள்ள கல் விழுந்தது. மற்ற விண்கற்கள் போல இல்லாமல் எரிமலைப் பாறை மாதிரி இருந்தது. 1872-ல் ஆஸ்திரியாவின் குஸ்தாவ் ஷெர்மாக் அதில் இருந்த கண்ணாடி போன்ற பொருளுக்கு மாஸ்கலினின் பெயரால் "மாஸ்கலினைட்" என்று பெயர் வைத்தார். அதன் உண்மையான முகவரி தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1980-களில், அதே வகையைச் சேர்ந்த ஓர் அண்டார்டிகா கல்லுக்குள் சிறைப்பட்டிருந்த வாயுவை அளந்தபோது, அது வைக்கிங் விண்கலம் செவ்வாயில் அளந்த காற்றோடு ஒத்துப்போனது. ஷெர்காட்டி கல் செவ்வாயிலிருந்து வந்தது! இன்று செவ்வாயிலிருந்து வந்த ஒரு பெரிய விண்கல் கூட்டத்துக்கே "ஷெர்காட்டைட்" என்று பெயர். ஒரு பீகார் ஊரின் பெயர் செவ்வாய்க் கிரகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

தமிழ்நாட்டுக் கற்கள்

தமிழ்நாட்டின் பட்டியல் சிறியது. ஆனால் ஒவ்வொன்றும் சுவையானது.

1857 பிப்ரவரி 28, நண்பகல். அன்றைய மதுரை வட்டாரத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்த்து 77 கிலோவுக்கு மேல். பட்டியலில் ஊர்ப் பெயர் "பார்னல்லி" என்று இருக்கிறது. அப்படி ஒரு தமிழ்ப் பெயர் காதில் ஒட்டவில்லை. பட்டியல்களில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் வைத்தால் கமுதிப் பக்கம் பெருநாழிக்கு அருகே வந்து நிற்கிறது. பெருநாழிதான் ஆங்கிலேயர் வாயில் பார்னல்லி ஆகியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பெரிய கல் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிகம் சூடாகாமல், சூரியக் குடும்பம் உருவான காலத்துச் சிறு உருண்டைகளை அப்படியே வைத்திருக்கும் அரிய வகை அது. எனவே ஆய்வாளர்கள் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள்.

1886-ல் நம்மியந்தல். இது எச்5 வகை. எச் என்றால் இரும்பு அதிகம் என்று பொருள். 5 என்ற எண், தாய்க்கோளுக்குள் இருந்தபோது அந்தக் கல் எவ்வளவு வெந்தது என்பதைக் காட்டும் அளவு. இந்த வகைக் கற்களின் வயது சுமார் 456 கோடி ஆண்டுகள். உலகின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று என்று சொல்லப்படும் அண்ணாமலையை விடவும் வயதில் மூத்த கல் அது.

1898-ல் கொடைக்கானல். இது விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, தரையில் கிடந்து கிடைத்தது. சுமார் 16 கிலோ இரும்பு. அதற்குள் கண்ணாடித் துளிகள் போலச் சிலிக்கேட் கனிமங்கள் சிதறிக் கிடக்கின்றன. அந்தத் துளிகளின் வயது சுமார் 370 கோடி ஆண்டுகள்தான் என்பது ஆய்வாளர்களை நீண்ட காலம் யோசிக்க வைத்த புதிர். மற்ற விண்கற்களை விட அது இவ்வளவு இளையது ஏன்? ஏதோ ஒரு பெரிய மோதல் அதை மறுபடி உருக்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

2008 செப்டம்பர் 12 காலை எட்டரை மணி. கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி வட்டாரத்தில் வெடிச் சத்தத்துடன் கற்கள் விழுந்தன. மொத்தம் சுமார் 110 கிலோ. இந்தியாவில் சமீப காலத்தில் கிடைத்த பெரிய விண்கல் வீழ்ச்சிகளில் ஒன்று. ஜி.எஸ்.ஐ. அதை எடுத்துச் சென்று ஆராய்ந்து, எல்எல்6 வகை என்று பதிவு செய்தது.

சீக்கிரம் எடுப்பது ஏன் முக்கியம்?

விண்கல் எங்கும் ஓடிவிடப் போவதில்லை, மெதுவாகக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. விண்வெளியில் இருக்கும்போது காஸ்மிக் கதிர்கள் பட்டுக் கல்லுக்குள் சில கதிரியக்கத் தனிமங்கள் உண்டாகும். உதாரணமாக சோடியம்-22. அதன் அரை ஆயுள் 2.6 வருடம். சில தனிமங்கள் நாள் கணக்கிலேயே அழிந்துவிடும். தரைக்கு வந்த நொடியிலிருந்து அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். 1976 ஜனவரி 28 அன்று குஜராத்தில் தஜாலாவில் கல்மழை பெய்தபோது, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் ஏராளமான துண்டுகளைச் சேகரித்தார்கள். அந்தக் கல் காற்றில் எரிவதற்கு முன் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைக் கூட அவர்களால் கணக்கிட முடிந்தது. யாராவது பீரோவுக்குள் பத்து வருடம் பூட்டி வைத்திருந்தால் இந்தத் தகவலில் பெரும்பகுதி போயிருக்கும்.

2017 ஜூன் 6 அதிகாலையில் ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவில் விழுந்த கல் கரிமம் நிறைந்த வகை. நீர் பட்டால் எளிதில் கெட்டுவிடும். மழைக்காலம் வருவதற்குள் அதை எடுத்துவிட்டதால் தப்பியது. எடையைப் பார்த்து எதையும் சிறியது என்று தள்ளிவிடவும் கூடாது. 1940-ல் மத்தியப் பிரதேசத்தில் விழுந்த செமார்கோனா கல்லின் எடை 691 கிராம்தான். ஆனால் மிகக் குறைவாக மாறிய காண்ட்ரைட் கல் எது என்றால் உலகம் முழுவதும் அதைத்தான் அளவுகோலாகச் சொல்கிறார்கள்.

பொழுதுபோக்கை வாழ்க்கையாக்கிய வாத்தியார்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹார்வி நினிங்கர் என்ற உயிரியல் பேராசிரியர் இருந்தார். 1923 நவம்பர் 9 அன்று வானத்தில் ஒரு தீப்பந்தைப் பார்த்தார். அதிலிருந்து அவர் வாழ்க்கை மாறிவிட்டது. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளிலும் கூட்டங்களிலும் பேசினார். மாதிரிக் கல்லைக் காட்டி, உங்கள் வயலில் ஏர் ஓட்டும்போது இப்படி ஒரு கல் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், காசு தருகிறேன் என்றார். விவசாயிகள் அனுப்பினார்கள். கதவுக்கு முட்டுக் கொடுத்த கல், தொட்டி மூடியின் மேல் பாரமாக வைத்த கல் எல்லாம் விண்கல்லாக இருந்தன!

1946-ல் அரிசோனாவின் பெரிய விண்கல் பள்ளத்துக்கு அருகே சொந்தமாக அருங்காட்சியகம் திறந்தார். பணக் கஷ்டம் விடவில்லை. கடைசியில் 1958-ல் சேகரிப்பின் ஒரு பகுதியைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும், 1960-ல் மீதியை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் விற்றார். அரிசோனாவின் விண்கல் ஆய்வு மையம் அந்தக் கற்களின் மேல்தான் எழுந்தது.

இன்றைய சந்தை நினிங்கர் காலத்தைப் போல இல்லை. சகாராவில் கிடைக்கும் கற்கள் இணைய ஏலத்தில் கிராம் கணக்கில் விற்கின்றன. செவ்வாய், நிலாக் கற்களுக்குத் தங்கத்தை மிஞ்சிய விலை. நாட்டுக்கு நாடு சட்டமும் மாறுகிறது. சில நாடுகளில் நிலத்தின் உரிமையாளருக்கே கல் சொந்தம். அர்ஜென்டினா 2007-ல் சட்டம் போட்டுத் தன் விண்கற்கள் வெளியே போவதைத் தடுத்தது. இந்தியாவில் விண்கற்களின் தேசியக் காப்பாளர் ஜி.எஸ்.ஐ. எனவே கல் விழுந்தால் வருவாய்த் துறைக்கோ ஜி.எஸ்.ஐ.க்கோ தெரிவிப்பதுதான் முறை.

கல்லை எப்படிப் பார்த்துக்கொள்வது?

சேகரிப்பவர்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்ட சில விதிகள்:

1. வெறும் கையால் தொடக் கூடாது. வியர்வையில் உள்ள உப்பு இரும்பைத் தின்னும். சுத்தமான கையுறை அல்லது புதிய பாலிதீன் பை போதும்.

2. தண்ணீரில் கழுவவே கூடாது. விண்கல்லின் பெரிய எதிரி துரு. காற்றின் ஈரமும் குளோரைடும் சேர்ந்தால் இரும்பு விண்கல் உள்ளிருந்தே உதிர ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் வேகமாக நடக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பார்கள். ஜெல் ஈரமானால் மாற்ற வேண்டும்.

3. மஞ்சள், குங்குமம், எண்ணெய், பால் எதுவும் கூடாது. 1880-ல் பீகாரின் ஆந்தாராவில் விழுந்த கல்லை வைத்து வழிபட்டுக் கோயில் கட்டவே ஏற்பாடு நடந்தது. பக்தியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அபிஷேகம் கல்லின் வேதியியலைக் கெடுத்துவிடும்.

4. பலமான காந்தத்தை ஒட்டிப் பார்க்கக் கூடாது. கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கும் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும். நூலில் கட்டிய சிறு காந்தத்தைத் தூரத்தில் தொங்கவிட்டு, அது இழுபடுகிறதா என்று பார்த்தாலே போதும்.

5. சுத்தியலால் உடைத்துப் பங்கு போடக் கூடாது. புதிய விண்கல்லுக்குப் பெயர் பதிவாக வேண்டுமானால், 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது, ஓர் ஆய்வு நிறுவனத்தில் மாதிரியாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி.

6. எல்லாவற்றையும் விட முக்கியம் சீட்டு. எந்த ஊர், எந்த நிலம், என்ன தேதி, எந்த நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது, யார் பார்த்தார்கள், குழி எவ்வளவு ஆழம். எடுப்பதற்கு முன் கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும். சீட்டு தொலைந்தால் கல்லின் பாதி மதிப்பு தொலைந்தது.

திருவண்ணாமலையில் தேடுகிறவர்களுக்கு

காந்தத்தில் ஒட்டினால் விண்கல் என்று பலர் நினைக்கிறார்கள். திருவண்ணாமலையில் இந்தச் சோதனை மட்டும் செல்லாது! கவுத்திமலை, வேடியப்பன்மலை இரண்டிலும் மாக்னடைட் என்ற இரும்புத் தாது இருக்கிறது. அங்கே சுரங்கம் வேண்டாம் என்று மக்கள் போராடியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மலைப் பக்கத்துக் கருங்கல்லும் காந்தத்தில் ஒட்டும். பழைய இரும்பு உலைகளின் கசடும் அப்படித்தான்.

வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். புதிதாக விழுந்த கல்லின் மேல் மெல்லிய கருப்புத் தோல் இருக்கும். ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தியது போலப் பள்ளங்கள் இருக்கலாம். அளவுக்கு மீறிய கனம் இருக்கும். பஞ்சு போலக் குமிழ் ஓட்டைகள் இருந்தால் அது பெரும்பாலும் கசடு. மெருகு இல்லாத ஓட்டின் பின்பக்கத்தில் உரசினால் மாக்னடைட் கருப்புக் கோடும், ஹேமடைட் செங்காவிக் கோடும் போடும். விண்கல் பெரும்பாலும் கோடு போடாது. இத்தனையும் தேறினாலும், நிக்கல் இருக்கிறதா என்று ஆய்வகம் சொன்னால்தான் முடிவு.

இதில் ஏமாற்றும் கும்பலும் உண்டு. வானத்து இரிடியம், அரிசியை இழுக்கும் கலசம் என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் பறித்தவர்கள் கைதான செய்திகள் தமிழ்நாட்டில் பல முறை வந்திருக்கின்றன. உண்மையான விண்கல் அரிசியையும் இழுக்காது, அதிர்ஷ்டத்தையும் இழுக்காது.

2016 பிப்ரவரி 6-ஆம் தேதி நடந்ததும் ஒரு பாடம். அன்றைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிப்பு ஏற்பட்டு ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல்தான் காரணம் என்று மாநில அரசு அறிவித்தது. விண்கல் தாக்கி மனிதர் இறந்தார் என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. ஆனால் படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றார்கள். ஓர் உயிர் போன விஷயத்தில் உண்மைக் காரணம் தெரிய வேண்டியது அந்தக் குடும்பத்துக்கு மிக முக்கியம். கல்லை அடையாளம் காணத் தெரிவது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது இங்கேதான் புரிகிறது.

கல் யாருக்குச் சொந்தம்?

வீட்டுக் கொல்லையில் விழுந்த கல்லை அரசாங்கத்திடம் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். கொடுத்த விவசாயிக்கு நன்றி என்று ஒரு வரி கூட வராத நிலையில் அந்தக் கோபம் வருவது இயல்பு. நினிங்கர் விவசாயிகளுக்குக் காசும் கொடுத்தார், அது என்ன கல் என்று விளக்கமும் சொன்னார். அதனால்தான் கற்கள் அவரைத் தேடி வந்தன. கல்லைக் கேட்கும் துறை, அந்தக் கல்லில் என்ன கண்டுபிடித்தோம் என்பதை அந்த ஊருக்குத் திரும்பிச் சொன்னால், அடுத்த கல்லை யாரும் ஒளித்து வைக்க மாட்டார்கள்.

சேகரிக்க ஆசைப்படும் மாணவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. வெளிநாடுகளில் சட்டப்படி விற்கும் சிறு துண்டுகள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. ஆனால் எங்கே கிடைத்தது என்ற சான்று இல்லாத துண்டை வாங்கக் கூடாது. காசே இல்லாமலும் சேகரிக்கலாம். எரிமீன் பார்த்த தேதி, நேரம், திசை, பிரகாசம் என்று ஒரு நோட்டில் எழுதி வரலாம். டிசம்பர் 13, 14 தேதிகளில் வரும் ஜெமினிட் எரிமீன் பொழிவுக்கு மொட்டை மாடி போதும். கூடலூர் கிழார் அதைத்தான் செய்தார்.

நம்மியந்தலில் 1886-ல் அந்தக் கல்லை முதலில் பார்த்தவர், எடுத்தவர் பெயர் உலகப் பட்டியல்களின் வரிகளில் இல்லை. ஆனால் அவர் அதை உடைத்துப் போடாமலும், கிணற்றில் வீசாமலும், யாரோ ஓர் அதிகாரியின் கைக்குப் போய்ச் சேரும்படி விட்டார். அதனால்தான் ஒரு சின்ன கிராமத்தின் பெயர் 456 கோடி ஆண்டு வயதுள்ள கல்லின் மேல் நிற்கிறது. அந்தக் கல்லின் படத்தையும் கதையையும் ஒரு பலகையில் எழுதி அந்த ஊர்ப் பள்ளியில் மாட்டினால், அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரைப் பற்றி ஒரு நல்ல செய்தி தெரியும். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.